நாக்கால் எடுத்த தூசி

கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் எடுப்பதில் எங்கள் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குள் ஒரு நிமிர்வு வரத்தான் செய்கிறது. அந்த நிமிர்வு செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியால் கருவிழி மேல் ஒரு சுற்று சுற்றினால் போதும். கம்பந்தூசியோ பருத்திச் சருகோ, எதுவானாலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை என் கட்டைவிரல் நகத்தில் வைத்து வந்தவருக்குக் காட்டுவேன். பார்த்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. நாகலாபுரத்திலிருந்து, இடைசெவலிலிருந்தெல்லாம் என்னைத் தேடி பஸ் ஏறி வருவார்கள். ஒருவரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியது கிடையாது.

என் மருமகள் என் கூடப்பிறந்த தம்பியின் மகள். நானே போய்க் கேட்டு என் மகனுக்குக் கட்டிவைத்தேன். ஜாக்கெட் தைப்பாள். அளவு ஜாக்கெட் கொண்டுவராமல் ஆளை ஒரு தரம் பார்த்தே வெட்டிவிடுவாள், அப்படிக் கண்.

போன வருஷத்துக்கு முந்தின தையில் எங்கள் காட்டில் உளுந்து அடிக்கிற மெஷின் ஓடியது. என் மகன் லாரியோடு வடக்கே போயிருந்தான். அதனால் மருமகள்தான் மெஷின் பக்கம் நின்று செடியை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உளுந்தம் பொட்டும் சருகுத் தூசியும் புகை மாதிரி பறந்தது. திடீரென்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அத்தே, கண்ணுல என்னமோ குத்திட்டு. மூணு மணி பஸ்ஸுக்கு கோவில்பட்டி போயி டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருதேன்."

"ஏட்டி, ஊருச் சனம் பூரா பஸ்ஸு ஏறி எங்கிட்ட வருது. எம் மருமக பஸ்ஸு ஏறி டாக்டர்ட்ட போனான்னா சிரிக்க மாட்டாகளா? உக்காரு இங்கன."

மெஷின்காரரும் சிரித்தார். "வீட்டுலயே ஆஸ்பத்திரிய வச்சிக்கிட்டு பஸ்ஸுக்கு ஏம்மா நிக்க?"

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். என் வாயில் வெற்றிலை இருந்தது. துப்பினேன். வாயைக் கொப்பளித்தேனா என்று இன்று வரை எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். தண்ணீர்ச் செம்பு கண்ணுக்குள் வருகிறது, நான் அதைத் தூக்கியது மட்டும் வரமாட்டேன் என்கிறது.

தூசி வந்தது. நகத்தில் வைத்துக் காட்டினேன். மெஷின்காரரிடமும் காட்டினேன்.

மறுநாள் கண் சிவந்திருந்தது. தூசி உறுத்தின கண் அப்படித்தான் இருக்கும் என்றேன். மூன்றாம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீராய் ஊற்றியது. வாசலில் நிற்கிற நந்தியாவட்டைச் செடியில் பூப் பறித்துக் கசக்கிச் சாறு பிழிந்து விட்டேன். அவள் துடித்தாள். "எரிஞ்சாத்தான் மருந்து" என்றேன். ஐந்தாம் நாள் காலையில் கருவிழி நடுவில் கடுகு அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினோம்.

கோவில்பட்டியில் கண் டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். "கண்ணுல ஏதாச்சும் போட்டீங்களா? இலைச்சாறு, தாய்ப்பால், நாக்கால எடுக்கிறது, அப்படி எதுவும்?"

"ஒண்ணும் போடல."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுளுவாக வந்தது தெரியுமா? மருமகள் ஒற்றைக் கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதித் தந்து, கூடினால் அன்றைக்கே வரச் சொன்னார்கள். கூடியது. கடுகு, உளுந்து அளவாகியது. போனோம். திருநெல்வேலிக்குக் கடிதம் எழுதித் தந்தார்கள்.

திருநெல்வேலிக்கு என் தம்பியும் வந்தான். பெற்ற மகளின் கண் அல்லவா. அங்கே கண்ணை மரத்துப்போக வைத்து, வெள்ளையாக இருந்த இடத்தை லேசாகச் சுரண்டி எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தார்கள். காளான் என்றார்கள். "மழைக்கு கட்டையில பூக்கும்ல, அதோட சாதிதான் பாட்டி. கண்ணுக்குத் தெரியாத பொடிசு" என்று சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள்.

பக்கத்தில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறக்குமுன் மருமகள் சொன்னாள்: "ஒண்ணும் போடல டாக்டர். அத்த தண்ணி வச்சித்தான் கழுவிவிட்டாவ."

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பால் மாதிரி ஒரு சொட்டு மருந்து. குலுக்கிவிட்டு மணிக்கு ஒரு தரம் விட வேண்டும். இன்னும் இரண்டு மருந்து. பாட்டிலில் இங்கிலீஷ் எழுத்து. எனக்குத் தெரியாது. ஒன்றில் சிவப்பு நூல் கட்டினேன், ஒன்றில் கறுப்பு நூல், பால் மருந்தைச் சும்மா விட்டேன். மருமகள் போனில் மணி வைத்தாள். அது அடிக்க அடிக்கச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஊற்றினேன். அப்படியும் கருவிழி கரைந்து, இனி பொத்துவிடும் என்கிற அளவுக்கு மெலிந்து போயிற்று. செத்துப்போன ஒருவருடைய கருவிழியை எடுத்து இதில் வைத்துத் தைக்க வேண்டும், கண்ணைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்றார்கள்.

யாருடையது என்று கேட்டேன். சொல்ல மாட்டார்களாம். ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு வீட்டில் பிரேதத்தைக் கிடத்தி வைத்துக்கொண்டு, அந்த அழுகைக்கு நடுவிலும் ஒருவர் எழுந்து "எடுத்துக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு என்ன கேடு? காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அவன் எனக்குக் காப்பி வாங்கி வந்து கொடுத்தான். "யக்கா, நீ இல்லன்னா எம் பிள்ளய யாரு பாப்பா" என்றான். குடித்தேன்.

சுற்றிலும் பதினாறு தையல். நூல் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு மெல்லிசு. கண் தப்பியது. ஆனால் வைத்த கருவிழி பனி மூடிய கண்ணாடி மாதிரி மங்கிவிட்டது. ஆள் நிற்பது தெரிகிறது, சேலை நிறம் தெரிகிறது, முகம் தெரியாது. பின்னால் இன்னொரு தரம் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

ஒருநாள் அந்தச் சின்ன டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்து, காளான் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். "அந்தத் தூசியோடயே வந்திருக்கும் பாட்டி. செடி தூசியில இருக்கிறதுதான்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் மேலும் சொன்னாள்: "எச்சில், இலைச்சாறுன்னு போட்டா இன்னும் மோசமாகும், நீங்கதான் போடலையே. அன்னைக்கே வந்திருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காது." வந்த மூச்சு போய்விட்டது.

இப்போது மருமகள் மறுபடி தையல் மெஷினில் உட்காருகிறாள். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடுவதில்லை, ஊசி ஓட்டைக்கு இந்தப் பக்கமே நூல் போகிறது. கண்புரை எடுத்த என் கிழட்டுக் கண்ணால் நான்தான் கோர்த்துக் கொடுக்கிறேன். புது ஜாக்கெட் வெட்டுவதில்லை. கிழிசல், ஓரம் அடிப்பது, அவ்வளவுதான்.

இந்த ஆடியில் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். அவன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அழைக்க வந்த தம்பி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாகலாபுரத்துப் பக்கமிருந்து ஒரு பெண், கண்ணில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்த புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "தூசி எடுக்குற ஆத்தா வீடு இதான?"

மருமகள் தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். "அத்தைக்கு இப்ப பார்வை சரியில்ல. அதெல்லாம் பாக்கதில்ல. கோவில்பட்டிக்குப் போயிருங்க."

அந்தப் பெண் விடவில்லை. "எங்க அம்மைக்கு இவியதான் எடுத்தாவ. தங்கமான கையி. ஒரு தரம் பாக்கச் சொல்லுங்க தாயி."

தங்கமான கை. அதைக் கேட்டதும் எனக்குள் அந்தப் பாழும் நிமிர்வு ஒரு நொடி எழுந்தது. அதுதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

"எம் பார்வைக்கு ஒண்ணும் இல்ல. இந்தா உக்காந்திருக்காள்லா, இவ கண்ணுல நாக்க வச்சி எடுத்தேன். டாக்டர்ட்ட போறேன்னவள உக்கார வச்சி எடுத்தேன். அஞ்சு நாளு வீட்டுல போட்டு பூச்சாறு ஊத்துனேன். டாக்டர்ட்ட பொய் சொன்னேன். அந்தக் கண்ணு போச்சி. உம் புருசன் கண்ணு வேணும்னா இப்பவே கெளம்பு."

தையல் மெஷின் நின்றது. உள்ளே தம்பி கை கழுவும் சத்தம் கேட்டது. சாப்பாடு பாதியில் இருந்திருக்கும். வெளியே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆளிடம், "பஸ்ஸுக்கு நேரங் கெடக்கு. எம் பைக்குல ஏறுங்க, நான் கொண்டு விடுதேன்" என்றான். அந்தப் பெண்ணைப் பஸ்ஸில் வரச் சொன்னான். எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லாமல் அவன் போனது கிடையாது. அன்று சொல்லவில்லை. கொடைக்கு எங்களைக் கூப்பிடவும் இல்லை.

"இப்ப எதுக்குச் சொன்னீங்க?" மருமகள் கேட்டாள். அவளை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. "உங்களுக்காகவா நான் மூடி வச்சேன்? எங்கப்பா இந்த வாசல் மிதிக்கணும்னு மூடி வச்சேன். கண்ணுதான் போச்சி, இப்ப பொறந்த வீடும் போச்சா? சொல்லணும்னா அன்னைக்குச் சொல்லியிருக்கணும்."

அவள் சொல்வது அத்தனையும் சரி. தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் போடுகிறேன்.

அன்று நான்கு மணிக்கு அவள் போன் அடித்தது. சொட்டு விடுகிற நேரம். நான் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, கறுப்பு நூல் கட்டிய பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். தானே விட்டுக்கொள்கிறேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் தலையை மட்டும் அண்ணாந்து காட்டினாள்.