அம்மாவின் முதுகில் மூன்று நாள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அவிந்த நெல்லின் ஆவி கொல்லை முழுக்க நிறைந்திருந்த ஒரு வியாழக்கிழமைக் காலையில், ஈர நெல் நிறைந்த கூடையோடு இடுப்பைத் திருப்பிய அம்மா, “ம்” என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள்.

2. அதன்பின் அவளால் நிமிர முடியவில்லை.

3. அன்றும், அடுத்த இரண்டு நாள் விடியற்காலையிலும், நான் அவள் முதுகை மிதித்தேன்.

4. நான்காம் நாள் அவளைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள்.

5. எனக்கு அப்போது பதினொரு வயது.

முதுகை ஏன் மிதித்தேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பிறக்கும்போது எனக்குத் தலை வரவில்லை, கால்தான் முதலில் வந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையிலிருக்கும் எங்கள் ஊரில் அப்படிப் பிறந்தவர்களுக்கு ஒரு வேலை உண்டு. யாருக்காவது ‘இடுப்புப் பிடிப்பு’ வந்தால், அவரை வாசற்படியில் குப்புறப் படுக்க வைப்பார்கள். ‘காலுல பொறந்த புள்ள’ பல்கூட விளக்காமல், வாயைத் திறக்காமல் வந்து, வலிக்கிற இடத்தில் இடது காலால் மூன்று முறை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். மூன்று நாள் இப்படி. எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். ஆறு வயதிலிருந்தே, “பாப்பா இருக்காளா? செத்த வந்து மிதிச்சிட்டுப் போகட்டும்” என்று ஆள் வரும். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாகவும் கணக்கில் நடுவிலும் வந்துகொண்டிருந்த எனக்கு, பெரியவர்கள் தேடி வந்து கூப்பிடுகிற ஒரே காரணம் என் கால்தான். அதில் எனக்கு நிறையவே பெருமை இருந்தது.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாளில் சரியாகவும் செய்தது. தசைப் பிடிப்பு என்றால் யார் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சில நாளில் தானாகவே இளகிவிடும் என்பதை நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு நான் பிறந்ததிலிருந்தே இடுப்பில் வலி இருந்தது. அப்பா குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்ததால் வீடும் இரண்டு மாடுகளும் அவள் தலையில். விடிந்ததும் வாசல் கூட்டக் குனிந்தால், சாணி அள்ள, கோலம் போட, அடிபம்பில் குடத்தைத் தூக்க, தரையில் கிடந்த துவைக்கிற கல்லில் துணி கும்ம என்று, அவள் முழுதாக நிமிர்ந்து நிற்பதை நான் பார்த்தது குறைவு. ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தன் முதுகைக் காத்துக்கொள்ளச் சில வழிகள் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். துண்டை மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். கீழே கிடப்பதை எடுக்க ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துதான் எடுப்பாள். குடத்தை அரைவாசிக்கு மேல் நிரப்ப மாட்டாள். பக்கத்தில் எதையாவது வைக்க வேண்டுமென்றால் இடுப்பைத் திருப்பாமல், காலை எடுத்து வைத்து ஆளே திரும்புவாள். எதிர்வீட்டு பாக்கியம் அத்தைக்கு இது தீராத வேடிக்கை. “ஏண்டி, தேரு திரும்புற மாதிரியில்ல திரும்புற! வடம் புடிக்க ஆள் வரச் சொல்லவா?” என்பாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே, “நீங்க முட்டுக்கட்டை போடாம இருந்தா சரி அத்த” என்பாள்.

சாப்பாட்டுக்கு வேண்டிய நெல்லை நாங்கள் வீட்டிலேயேதான் அவித்தோம். முதல் நாள் அண்டாவில் ஊறப்போட்டு, மறுநாள் விடியற்காலையில் அடுப்பு மூட்டி, நெல் வாய் பிளந்ததும் சுடச்சுடக் கூடையில் அள்ளிக் களத்தில் கொட்ட வேண்டும். அந்த வியாழக்கிழமை பாக்கியம் அத்தையும் ஒத்தாசைக்கு வந்திருந்தாள். பாதி அள்ளியிருக்கும்போது தெற்கே கருத்துவிட்டது. அம்மா வழக்கம்போல அரைக் கூடையாக அள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்னாடி இது, கைக்கொழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி அள்ளுற? மழை உன்னயக் கேட்டுக்கிட்டா வரும்? ரொப்பி அள்ளுடி!”

அம்மா நிரப்பி அள்ளினாள். குனிந்த நிலையில், முழுக் கூடையோடு, அவசரத்தில் காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பினாள். மழை கடைசிவரை வரவில்லை.

“ஒண்ணுமில்ல, புடிப்புதான். வீட்லயே மருந்த வச்சிக்கிட்டு நாம ஏன் அலையணும்?” என்று அத்தை என்னைக் கூப்பிட்டாள். அன்று நான் பல் விளக்கியிருந்தேன். அவசரத்துக்குப் பாவமில்லை என்று அவளே அதற்கு விலக்கும் அளித்தாள். நான் மிதித்தேன். என் காலுக்கடியில் அம்மாவின் முதுகு பலகைபோல் விறைத்திருந்தது. அவள் வாயில் முந்தானையை வைத்துக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மிதித்து முடித்தபின் அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “பாப்பா, இடது காலு மரத்துப்போச்சுடி. கட்டெறும்பு ஏறுனதுகூடத் தெரியல. இது வெறும் புடிப்பு இல்ல. இன்னிக்கு அப்பா போன் பண்ணுவாங்கல்ல, காலு மரத்திருக்குன்னு சொல்லு. சித்தப்பாவ வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லச் சொல்லு.” சித்தப்பா அடுத்த தெருவில்தான் இருந்தார். ஆனால் ஒரு வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோய் ஒரு வருஷமாகியிருந்தது. அப்பா சொன்னால் வருவார், அம்மா போய்க் கேட்க மாட்டாள். பாக்கியம் அத்தையிடம் சொன்னால், “மூணு நாளு முடியட்டும்டி” என்றுதான் சொல்வாள்.

குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வாரத்துக்கு ஒரு முறை, அன்று சாயங்காலம்தான் அப்பா பேசுவார். எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால்தான் சிக்னல் கிடைக்கும், அம்மாவால் அதுவரை நடக்க முடியாது. நான் போனை எடுத்துக்கொண்டு போனேன்.

“அம்மா எங்க?” என்றார் அப்பா.

“இடுப்புப் புடிச்சிக்கிச்சுப்பா. நான் மிதிச்சிக்கிட்டிருக்கேன். நாளையோட மூணு நாளு.”

அப்பா பெரிதாகச் சிரித்தார். “அடேங்கப்பா, எங்க டாக்டரம்மா வைத்தியமா? சித்தப்பாவ வந்து பாக்கச் சொல்லட்டுமா?”

அவரே கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். எத்தனையோ பேருக்குச் சரிசெய்த கால், சொந்த அம்மாவுக்கு மட்டும் தோற்றுப்போகும் என்று என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தது. “வேணாம்ப்பா, நாளைக்குச் சரியாயிரும்” என்றேன்.

உள்ளே வந்ததும் அம்மா, “சொன்னியா?” என்று கேட்டாள்.

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“பாத்துக்குறேன்னாங்க.”

மறுநாள் முழுவதும், தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் மூன்றாம் முறையாக, முதல் இரண்டு நாளைவிட அழுத்தமாக மிதித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனவள் தன் இடது பாதமே தடுக்கி விழுந்தாள். பாக்கியம் அத்தைதான் அலறியடித்துக்கொண்டு கார் பிடித்தாள்.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், எத்தனை நாளாகக் கால் மரத்திருக்கிறது என்று கேட்டார். முதுகுத்தண்டின் எலும்புகளுக்கு இடையிலிருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், முன்பே வந்திருந்தால் பாதத்தின் அசைவு முழுதாகத் திரும்பும் என்று நம்பிக்கையோடு சொல்லியிருப்பேன் என்றார். அன்று ராத்திரியே விஷயம் தெரிந்து அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அவர் கத்தியது எனக்கும் கேட்டது. “காலு மரத்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே! சொல்லியிருந்தா தம்பிய அன்னிக்கே அனுப்பியிருப்பேனே!”

அம்மா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. பிறகு போனில், “தோணலங்க” என்றாள். அவ்வளவுதான். அதைப்பற்றி அவள் என்னிடம் இன்றுவரை கேட்டதில்லை.

நான் இப்போது தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருக்கிறேன். உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதால் தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு பெண்கள் வந்து படுக்கிறார்கள். குனிந்தே வேலை செய்த முதுகுகள். கால் மரத்துப்போகிறதா, எத்தனை நாளாக, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்வேன். “மிதிச்சிப் பாத்தோம்மா, கேக்கல” என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். என் மிதிதான் அம்மாவின் தட்டைப் பிதுக்கியது என்று படம் பார்க்கத் தெரிந்த யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். கூடையோடு திரும்பியபோதே அது நடந்திருக்கலாம். மரத்த காலோடு இரண்டு நாள் வீணானது மட்டும் உறுதி, அந்த இரண்டு நாள் என்னுடையது.

முதல் சம்பளம் வாங்கியதும் வீட்டை மாற்றினேன். கிரைண்டரை மேடைமேல் ஏற்றினேன், துவைக்கிற கல்லை இடுப்பளவுக்கு உயர்த்திக் கட்டினேன், நீளப் பிடி வைத்த துடைப்பம் வாங்கினேன். பாக்கியம் அத்தை அம்மா கையில் அதைப் பார்த்துவிட்டு, “என்னாடி, கொடிக்கம்பத்தப் புடிச்சிக்கிட்டு எந்தக் கட்சி ஊர்வலத்துக்குக் கெளம்பிட்ட?” என்றாள். எடையை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், திரும்பும்போது காலைத் திருப்ப வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதத்தானடி நான் செஞ்சிக்கிட்டிருந்தேன்” என்றாள்.

எங்கள் கொல்லையில் இப்போது யாரும் நெல் அவிப்பதில்லை, அரிசி மூட்டையாகக் கடையிலிருந்து வருகிறது. காலால் பிறந்த பிள்ளையைத் தேடி எங்கள் தெருவில் யாரும் வருவதுமில்லை. அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது பாதம் மேலே எழும்பாது, நடந்தால் தரையில் தட்டும், அதனால் பின்பட்டை வைத்த செருப்பைத்தான் வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்கிறாள். அப்பா குவைத்திலிருந்து திரும்பி வந்துவிட்டார். அவள் எங்காவது தடுக்கினால், “அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல” என்று இன்றும் சொல்கிறார். அம்மா ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து செருப்பின் பட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.