சட்டி போனது, மூடி இருந்தது

என் கேக் சட்டியை என் கண் முன்னாலேயே சுத்தியலால் அடித்து மடக்கிச் சாக்கில் போட்டார்கள். அதைச் செய்யவைத்தவளை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். வேத புஸ்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. மெதுவாகத்தான் வரும். அவசரமும் இல்லை.

திருத்தணி மதராஸ் பக்கம் போன வருஷம் அது. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, திருத்தணியில் இருந்தாள். அவள் புருஷன் அங்கே தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஆந்திரா பக்கமே வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் சித்தூருக்கு வந்தார். வீடு கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி, டிரங்குப் பெட்டிகளோடு எங்கள் வீட்டில் இறங்கினார்கள். ஊரையெல்லாம் கோடு போட்டுப் பிரித்த பெரிய மனிதர்கள் என் சமையலறையில் ஒரு கோடு போட மறந்துவிட்டார்கள்.

அந்தச் சட்டி என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த சீர். செம்பு. தட்டையான அடி, நிமிர்ந்த பக்கம், பிடிக்க இரண்டு காது, அழுத்தமாக உட்காருகிற ஒரு மூடி. அடுப்பில் மணல் பரப்பி அதன்மேல் சட்டியை வைத்து, மூடி மேல் கொட்டாங்குச்சித் தணலைக் கொட்டினால், ரவை கேக் அடியும் மேலும் ஒரே நிறத்தில் வெந்து வரும். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் போதகர் வெட்டுகிற கேக் என்னுடையதுதான். வேறு யாரும் செய்துகொண்டு வரத் துணிந்ததில்லை.

ஆனால் அந்தச் சட்டிக்கு வயதாகிவிட்டது. ஈயம் பூசுகிறவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடி காகிதமா பூட்ச்சிம்மா. இனிமே இதுல ஈயம் நிக்காது. திருப்பதியில செம்பு அடிக்கிறவங்க கீறாங்க. இத்தையே எடுத்துக்கினு போய்க் காட்டு, அளவு பார்த்து அப்படியே அடிச்சிக் குடுப்பாங்க."

நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடிந்ததும் போகலாம் என்று சட்டியைத் துடைத்து மச்சில் வைத்தேன். மூடியை மட்டும் மோர்ப் பானைக்குப் போட்டிருந்தேன்.

அதற்குள் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று சபையார் அவரவர் நிலத்தில் விளைந்தது, வீட்டில் இருப்பது என்று ஏதாவது கொண்டுவந்து பீடத்தின் முன்னால் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பீடத்தின் முன் வைத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அது ஆண்டவருடையதாகிவிடும்.

பூசணி போனது, சேவல் போனது. பிறகு ஏலம் விடுகிறவர் கையில் என் சட்டி வந்தது. புளி போட்டுத் துலக்கி, பொன்னாகப் பளபளத்தது.

"தாலுகா ஆபீஸ் அம்மா குடுத்த செம்புச் சட்டி!"

எல்லாரும் கை தட்டினார்கள். என் நாத்தனார் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்து அடக்கமாக நின்றாள். பெண்கள் ஏலத்தில் வாய் திறக்கிற வழக்கம் அப்போது இல்லை. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். பழைய பாத்திரக்காரர் ஒருவர் எடைக்குக் கேட்டு வாங்கி, இடம் அடைக்கிறது என்று அங்கேயே அடித்து மடக்கினார். ஒவ்வொரு அடிக்கும் என் பல் கூசியது.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அண்ணி, அது எங்க அம்மா குடுத்த சட்டி."

"யாரு இல்லன்னா? ஓட்டையாவப் போற சட்டி. மச்சில கெடந்து இன்னா பண்ணப்போவுது?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"ஆண்டவருக்குக் குடுக்கறதுக்கு யாரைமே கேக்கணும்?"

வீட்டுக்காரர் இன்னும் ஒரு கரண்டி ரசம் கேட்டார். அவர் சொன்ன தீர்ப்பு அவ்வளவுதான்.

அன்று மோர்ப் பானையின் மூடியை எடுத்துக் கழுவித் துணியில் சுற்றிவைத்தேன். அடுத்த வாரம் பாகாலா வழியாகப் போகிற ரயிலில் திருப்பதிக்குப் போனேன். மலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தோடு இறங்கி, பாத்திரக் கடைகளுக்குப் பின்னால், தட்டுகிற சத்தம் கேட்ட சந்துக்குள் நுழைந்தேன். வயதான தெலுங்குக்காரர் ஒருவர் செம்புத் தகட்டை மடியில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏமம்மா, மூடி மட்டும் எடுத்துக்கினு வந்துட்டே? சட்டி எங்க?"

"செத்துப்போச்சு."

"ஒயரம் எவ்வளவு?"

என் கையை நிமிர்த்தி வைத்து, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக் கோடு வரைக்கும் காட்டினேன். அம்மா மாவு ஊற்றச் சொல்லிக் கொடுத்தபோது அப்படித்தான் அளந்தாள். அவர் என் கை அளவுக்கு ஒரு ஓலையைக் கிள்ளி வைத்துக்கொண்டார்.

"பிரசாதத்துக்கா அம்மா?"

"ஆமா. எங்க சாமி பொறந்த நாளுக்கு."

மறுபடி போய் வாங்கி வந்தபோது, மூடி அந்தப் புதுச் சட்டிமேல் 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில் என் கோபம் பாதி ஆறியிருக்கும். ஆற விட்டாளா அவள்? கிறிஸ்துமஸ் அன்று போதகர் கேக்கை வெட்ட, இரண்டு துண்டு தின்று முடித்துவிட்டு, சபையார் எல்லாரும் கேட்கச் சொன்னாள்.

"பழைய சட்டில இருந்த வாசன இதுல இல்லியேமே. அத்தப் போய் ஏன் போக்கடிச்ச?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை ஒரு வருஷம் வாயிலேயே வைத்திருந்தேன்.

மன்னிக்க வேண்டும் என்று வேத புஸ்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அந்த இடத்துக்கு வந்து சேர நேரமாகும்.

அடுத்த வருஷம் அவள் ஒரு வான்கோழி வளர்த்தாள். கேழ்வரகுக் கூழும் மல்லாட்டைப் பிண்ணாக்கும் ஊட்டி, அதன் கழுத்தைத் தடவிக் கொடுப்பாள். கிறிஸ்துமசுக்கு அவள் புருஷன் தாசில்தாரையே விருந்துக்கு அழைத்திருந்தார். வான்கோழிக் கறி என்று ஆபீஸ் முழுவதும் சொல்லியும் வைத்திருந்தார். எங்கள் ஊரில் வேறு யாரிடமும் வான்கோழி கிடையாது.

அறுப்பின் பண்டிகை திரும்ப வந்தது. அவள் கொண்டை போட்டுப் பூ வைத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் வான்கோழியின் காலைக் கட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். குழந்தையைப் போல அமைதியாக வந்தது. பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, "எங்க நாத்தனார் காணிக்கை" என்று போதகரிடம் சொன்னேன். பெயர் முழுவதும் அவளுக்கே.

அவள் உள்ளே நுழைந்தபோது போதகர் அவள் தாராள மனதைப் புகழ்ந்து ஜெபம் செய்துகொண்டிருந்தார். வான்கோழி அவளைக் கண்டதும் குரல் கொடுத்தது. அவள் கை முந்தானையைத் தேடியது. எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். என்ன சொல்வாள்?

மரத்தடியில் ஏலம் தொடங்கியதும் அவள் புருஷன் அவசரமாகக் கேட்டார். நான் அதற்கு மேலே கேட்டேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"ஏலத்துல பொம்பளைங்களும் கேக்கலாமா?"

"ஆண்டவர் கேக்க வேணாம்னு எங்க சொல்லிக்கீறாரு?" என்றேன்.

அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். வீட்டுக்காரர் மறுபடியும் வேப்பமரத்தைப் பார்த்தார். தாசில்தார் வருகிறார், குமாஸ்தா நிறுத்த முடியாது. அது எனக்குத் தெரியும். அவர் நெற்றி வேர்த்துக் கொட்டுகிற வரைக்கும் ஏற்றிவிட்டு, "போவட்டும், அண்ணனுக்கே இருக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தேன். தன் வான்கோழியைத் தானே ஏலத்தில் எடுத்து, ரிப்பனோடு சுமந்துகொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறை வாசலை மறித்து நின்றாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லமே?"

"ஆண்டவருக்குக் குடுக்கறதுக்கு யாரை அண்ணி கேக்கணும்?"

தை பிறந்ததும் அவர்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. அதுவரை கிடைக்காத வீடு.

ரொம்ப வருஷம் கழித்து, மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கேக் செய்ய வேண்டும் என்று சட்டியை இரவல் கேட்டு வந்தாள். தலை நரைத்துவிட்டது, பேச்சிலும் பணிவு வந்திருந்தது. உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். உள்ளே போய் மூடியைத் துடைத்து எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன்.

"சட்டி?" என்றாள்.

"மூடி இருந்தாப் போதும் அண்ணி. திருப்பதிக்கு எடுத்துக்கினு போங்க, அளவு பார்த்து அடிச்சிக் குடுப்பாங்க. எனக்கு அப்படித்தான் குடுத்தாங்க."