சிவப்பு மேடு

என் வீட்டுக்காரர் பழனிக்குமார் யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். பகலில் கொடைக்கானலில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பார். சாயங்காலமானால் பிளகின் எழுத உட்கார்ந்துவிடுவார். மைக்கில் வரும் குரலைத் திருத்துகிற சின்ன மென்பொருள் அது. லேப்டாப்பில் போட்டு மைக் செட்டோடு இணைத்தால் இரைச்சலைக் குறைக்கலாம், எதிரொலி சேர்க்கலாம். அதில் இறங்கிவிட்டால் நான் கூப்பிடுவது காதில் விழாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பண்ணைக்காட்டில் மைக் செட் வைத்திருக்கும் அவருடைய சித்தப்பா மகன் சிவமுருகன்தான் அதை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான். "அண்ணே, திருகுறதுக்கு இத்தனை கெடக்கு, எதைத் திருகணும்னு யாரு சொல்றது? கண்ணுக்குத் தெரியிற மாதிரி பண்ணுங்கண்ணே."

இவரும் திரையில் ஓடுகிற மாதிரி ஒரு படம் சேர்த்தார். இடது ஓரம் தவில் மாதிரி கனத்த ஓசை, வலது ஓரம் ஜால்ரா மாதிரி கூர்மையான ஓசை. எது எவ்வளவு என்று கோடு மேடு மேடாய் எழும்பி விழும். எந்த மேடு உயரமோ அதற்குச் சிவப்பு அடித்தார். காரணம் ஒன்றும் கிடையாது. பார்க்க எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

போன வருஷம் பண்ணைக்காட்டு முளைப்பாரிக்குப் போயிருந்தோம். கும்மிப் பாட்டை எடுத்துக்கொடுப்பது எப்போதும் ராக்காயிதான். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள். மைக் இல்லாமலே தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல். அன்றைக்கு ஸ்பீக்கரில் வந்ததோ மூக்கடைத்தவள் குரல். போதாததற்குச் சிவமுருகன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்கு நடுவே கத்தினான்.

"அக்கா, செகப்பா ஏறுது! எறக்கிப் பாடுங்க!"

இறக்கிப் பாடினாள். குரல் இன்னும் ஒடுங்கியது. கும்மி தடுமாறியது. ராக்காயி மைக்கை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போனாள்.

"என்னலே பண்ணுன?" என்று இவர் ஓடினார்.

"செகப்புன்னா தப்புதானண்ணே? அதான் அந்த எடத்தையே கொறைச்சு விட்டேன்."

அவள் குரலின் பலமே அந்த மேடுதான். இவருக்கு அது உடனே புரிந்தது. புரிந்தும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

பிறகு, ராக்காயி பாடுவதையே விட்டுவிட்டாள் என்று தெரிந்தது. 'கம்ப்யூட்டரே தப்புன்னு காட்டிருச்சு' என்று ஊரெல்லாம் சொல்கிறாளாம். இவருக்குச் சோறு இறங்கவில்லை. படத்தில் சிவப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பச்சையாக்கினார்.

"தப்புப் பண்ணுனது அவளுக்கு. அவகிட்டப் போயிச் சொல்லுங்க" என்று கையோடு பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

ராக்காயி வீட்டு வாசலில் நின்றபடியே இவர் சொன்னார். "அக்கா, உங்க கொரலுக்கு ஒண்ணுமில்ல. நான் போட்ட படந்தான் தப்பு. அன்னைக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

அவள் நம்பவில்லை. "மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க தம்பி."

இவர் லேப்டாப்பைத் திறந்து மைக்கை நீட்டினார். "பாடுங்கக்கா. எவ்வளவு ஒசரம் போகுதுன்னு நீங்களே பாருங்க."

பாடினாள். முதல் அடியிலேயே வீடு நிறைந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் பச்சை மேடு விறுவிறுவென்று எழும்பியது. அதைப் பார்த்ததும் ராக்காயி குரலைத் தாழ்த்தினாள். மேடு இறங்கியது. மறுபடி கொஞ்சம் எழும்பியது, மறுபடி தாழ்த்தினாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசியில் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இவர் லேப்டாப்பை மூடினார்.

"ஏந்தம்பி?" என்றாள் பதறிப்போய். "இன்னும் கொறைக்கணுமா?"