பராமரிப்பில் இல்லை என்று எழுதினேன்

ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு மெஸ்ஸுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆறே பேர். சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். வல்லக்கோட்டைப் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், இரண்டு ஷெட்டுகளின் கம்ப்யூட்டர்களும் நடுவில் சர்வர் இல்லாமல் நேரடியாக உதிரிபாக வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு இணையத்தில் கிடைத்த ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை, அதாவது யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் சாஃப்ட்வேரில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு நிரல்தொகுப்பைப் போட்டிருந்தேன். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் தனியாளாகப் பல வருடம் எழுதியது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று கண்டுபிடிக்காது. நானே ஒரு திருத்தம் எழுதி அவருக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "நல்ல திருத்தம். மனைவிக்கு ஆபரேஷன், மருத்துவமனையில் இருக்கிறேன். வந்ததும் சோதித்துச் சேர்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்."

மூன்று வாரம் பொறுத்தேன். கம்பெனி சூப்பர்வைசர் ஷிஃப்டுக்கு ஒருமுறை போன் செய்தார். எங்கள் முதலாளி என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இன்னாபா, அந்தாளு எப்ப வர்றது, நாம எப்ப முடிச்சுக் குடுக்கறது? நீயே ஒரு காப்பி எடுத்து மாத்திக்கயேன்."

காப்பி எடுப்பதில் தப்பில்லை. லைசென்ஸே அனுமதிக்கிறது. ஃபோர்க் என்பார்கள். எடுத்தேன், என் திருத்தத்தைச் சேர்த்தேன், கம்பெனியில் உற்பத்தி லைனும் ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் காப்பியை எல்லோரும் எடுக்கும்படி இணையத்தில் போட்டு, அதன் முகப்பில் ஒரு வரி எழுதினேன்: "பழைய லைப்ரரி இப்போது யார் பராமரிப்பிலும் இல்லை. இதைப் பயன்படுத்துங்கள்." யாரும் எழுதச் சொல்லவில்லை. நாலு பேர் என்னுடையதைப் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

வந்தார்கள். முதலில் ஒருவர் இருவராக, பிறகு தினமும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த லைப்ரரிக்காரர் எழுதினார். என் திருத்தத்தைச் சோதித்து, மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் அது திணறும் என்று காட்டி, அதைச் சரிசெய்தும் அனுப்பியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "நான் விட்டுவிட்டுப் போகவில்லை. உங்களிடம் சொல்லியிருந்தேனே."

முகப்பில் நான் எழுதிய வரியை உடனே அழித்தேன். மன்னிப்புக் கேட்டு, என்னுடையதை மூடிவிடுகிறேன் என்று எழுதினேன்.

"வேண்டாம்," என்று பதில் போட்டார். "ஆட்கள் அங்கே வந்துவிட்டார்கள், மறுபடி அலைய விடாதீர்கள். மனைவி இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள். எனக்கும் நேரமில்லை." அன்றே தன்னுடைய லைப்ரரியில் இனி யாரும் எதுவும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்.

மத்தியானம் முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ்ல கீதில்ல? அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு இருக்க?" என்றார்.

அப்போதுதான் மருத்துவமனை விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"அத்த நீ சொல்லவே இல்லியேபா. சொல்லியிருந்தா கம்பெனிக்காரனாண்ட நான் டைம் கேட்டிருப்பேனே."

கேட்டிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். எனக்குத்தான் சொல்லத் தோன்றவில்லை.