ததேனுமாவின் பக்கத்தில் நிற்கும் கணவாய்

"ததேனுமா ஷுன்பெய் நம்ம துறைமுகத்துல நின்னு ஒரு ஒத விட்டான்னா, பந்து கடலத் தாண்டி ரஷ்யாவுல போய் விழும். அங்க ஒருத்தனும் தொட மாட்டான். பொறுக்கிட்டு வர்றது யாரு? ஒங்கப்பன்!"

மீன் சந்தையில் பெட்டி தூக்கும் வகுயி சேய்ஜி, சோற்றுக் கிண்ணமும் கையுமாக மகள் கொஸுயேயிடம் விட்ட பீலா இது.

ஹமசே ஊருக்கே அப்போது உள்ளூர்க் கால்பந்து வீரன் ததேனுமா மேல் பைத்தியம். ரொட்டிக்கடையில் அவனுடைய பதினொன்றாம் எண்ணைப் போட்ட ரொட்டிதான் முதலில் தீரும். பாலர் பள்ளியில் "ஷுன்பெய்!" என்று கூப்பிட்டால் நாலு மூக்கொழுகிகள் திரும்பும்.

ஞாயிறு ஆட்டங்களில் அவன் பக்கத்தில் ஒரு ராட்சதக் கணவாய் மீன் கைகளை ஆட்டிக்கொண்டு நிற்கும். அணியின் சின்னமான வேஷ உடை. உள்ளே வெந்துகொண்டிருப்பது சேய்ஜிதான். ஆனால் உள்ளே யாருமே இல்லை என்பது சட்டம். பேசக்கூடாது, தலையைக் கழற்றக்கூடாது, வீட்டில்கூட இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் அடுத்த வாரம் வேறு எவனாவது கணவாய். ததேனுமாவே அவரை மரியாதையாகக் "கணவாய்-சான்" என்றுதான் கூப்பிடுவான்.

கொஸுயே அந்தப் பீலாவைப் பள்ளியில் அப்படியே அவிழ்த்துவிட்டாள். அந்த ஞாயிறு, ததேனுமாவோடு படம் எடுக்கும் வரிசையில் தோழி சிகுஸா அவளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஒங்கப்பாவத் தெரியுமான்னு கேளுடி. பொய்யின்னு ஆச்சுன்னா, இனிமே ஒன்கூட எவளும் சாப்புட ஒக்கார மாட்டா."

"ததேனுமா அண்ணே, வகுயி சேய்ஜியத் தெரியுமா? எங்கப்பா."

அவன் நேர்மையாக யோசித்தான். "மன்னிச்சுக்கம்மா. அப்படி யாரையும் தெரியாதே."

"பாத்தியா, பாத்தியா!" என்று குதித்தாள் சிகுஸா.

பக்கத்தில் நின்ற கணவாய்க்குள் சேய்ஜிக்கு நாக்கு துடித்தது. ஒரு சொல் சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் மகள் புளுகுணி. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை எட்டவில்லை.

"நீங்கதான் பொய் சொல்றீங்க! புளுகுமூட்ட!" என்று கத்தினாள் கொஸுயே, ஊரே தலையில் வைத்து ஆடும் ததேனுமாவின் முகத்துக்கு நேராக.

கணவாய் சடாரென்று இடுப்புவரை குனிந்தது. அதன் தலைக்கூம்பு ததேனுமாவின் வயிற்றில் இடித்தது. வரிசை சிரித்தது. ததேனுமா சிரிக்கவில்லை. ரசிகர்கள் கத்தினால் கணவாய் கை தட்டும், குட்டிக்கரணம் போடும். பிள்ளை வாய்த்துடுக்காகப் பேசினால் இப்படிக் குனிந்து மன்னிப்புக் கேட்பது பெற்றவர்கள் மட்டுமே. சின்ன வயதில் ததேனுமாவுக்காக அவன் அம்மா எத்தனை வாசலில் குனிந்திருக்கிறாள்!

"இரும்மா" என்றான் கொஸுயேயிடம். "ஒங்கப்பாவ நல்லாத் தெரியும். பேருதான் இன்னிக்குத் தெரிஞ்சுது."



ததேனுமா கணவாயின் வலைத்துணிக் கண்ணருகே குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"நிமிருங்க வகுயி-சான். உள்ள என்ன, வேர்வையா, அழுகையா?"