ஹீட்டர் ஒயரில் சுற்றிய நூல்

மழை பிடித்துக்கொண்டால் லோகநாதனுக்குக் கை ஓடாது. பாடியில் அவருடைய கார் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் இது தெரியும். பாதி வேலையில், ஒயரில் கரண்ட் பார்க்கிற டெஸ்ட் லாம்பைக் கீழே போட்டுவிட்டு மனிதர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் காதில் விழாது. தம்பியைத் தண்ணீருக்குக் கொடுத்தவர், அப்படித்தான் இருப்பார் என்று பஞ்சர் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் விட்டுவிட்டார்கள்.

தம்பி பெயர் பாபு. இரண்டு பேரும் அந்த ஒரே கடையில்தான் வேலை செய்தார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளத்தில், எங்கேயோ நின்றுபோன வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் திரும்பவில்லை. தரைப்பாலத்துக்குக் கீழே கூவத்தில் அவன் பைக் கிடைத்தது. டூல்ஸ் பை முள்ளில் மாட்டிக்கிடந்தது. ஆள் மட்டும் கிடைக்கவில்லை. பிணவறை பிணவறையாக லோகநாதன் ஏறி இறங்கினார். எத்தனை முகத்தைத்தான் ஒரு மனுஷன் துணி விலக்கிப் பார்ப்பான்! கடைசியில் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதற்கு அவர்தான் கொள்ளி வைத்தார். உருவம் கைக்குழந்தை அளவுதான் இருந்தது. சடசடவென்று நிமிஷத்தில் எரிந்து போனது. இன்றைக்கும் சோல்டரிங் அயர்ன் புகை மூக்கில் ஏறினால் அவருக்கு அந்தப் புல் வாசம்தான் வருகிறது.

பாபுவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒயரை முறுக்கி ஜாயிண்ட் போட்டால் எல்லோரும் அதன்மேல் டேப் சுற்றுவார்கள். இவன் முதலில் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றுவான், அப்புறம்தான் டேப். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வான். சுற்றி முடித்து இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லாலேயே அறுப்பான். நம்ம ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும், நூல்தான் நிற்கும் என்பது அவன் கட்சி. நூல் தண்ணீர் குடிக்கும்டா, உள்ளே செம்பு பச்சை பூத்துப்போகும் என்பது அண்ணன் கட்சி. இந்தச் சண்டை தினமும் உண்டு. வீட்டில் ஜாக்கெட் தைக்கும் அம்மா மங்களத்துக்கு நூல்கண்டு காணாமல் போகிற சண்டை தனி.

பாபுவின் மனைவி சித்ரா. அவன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த பெண், கூட வாழ்ந்தது ஒரு வருஷம்கூட இல்லை. பிறந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று மாமியாரோடேயே இருந்துவிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, வந்தால் வீட்டு வேலை. சிரிப்பு என்பது அவளிடம் அத்தோடு போயிற்று. லோகநாதனும் அவர் மனைவி வசந்தாவும் அலையாத அலைச்சல் அலைந்து, பாபு இறந்துவிட்டதாகக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி, அவளுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். கம்பெனி பஸ் ஓட்டுகிற உலகநாதன், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாத மனுஷர். சித்ராவைச் சரி என்று சொல்ல வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த ஐப்பசியில் திருவேற்காட்டில் தாலி கட்டுவது என்று முடிவானது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் நாகேந்திரனின் டீசல் கார் வந்து சேர்ந்தது.

நாகேந்திரன் தென்காசிப் பக்கத்துப் பையன், ஐ.டி. வேலை, கோவில்பதாகையில் ஃபிளாட். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். காலையில் சாவியைத் திருகினால் ஹீட்டர் லைட் கண் சிமிட்டும், வண்டி இழுத்துக்கொண்டே கிடக்கும், ஒருவழியாகப் பிடித்தால் தெருவே வெள்ளைப் புகை. அந்தப் புகையோடு கடைக்கு வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். லைட் சாதுவாக எரிந்து அணையும். டீசல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன் உள்ளே சூடேற்றுகிற ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றியாயிற்று, அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயை மாற்றியாயிற்று. ஒரு மெக்கானிக், மெட்ராஸ் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு சார், லைட்டைப் பிடுங்கிவிட்டால் தொல்லை விட்டது என்றாராம். பையன் கும்பிடு போட்டு வந்துவிட்டான்.

லோகநாதன் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. மறுநாளும் அதே கதை. கடைக்கு வந்தால் யோக்கியனாகிவிடுகிற வண்டியை, அது தூங்குகிற இடத்தில் போய்ப் பிடிப்பதுதான் வழி. சனிக்கிழமை விடிய விடிய மழை. விட்டதும் கோவில்பதாகைக்குப் போய், எஞ்சின் சூடாகும் முன் பானட்டைத் திறந்தார்.

ரிலேயின் வாயில் லாம்ப் நன்றாக எரிந்தது. பிளக்கின் தலையில் வைத்தால் செத்த வெளிச்சம். அப்படியென்றால் நடுவில் எங்கேயோ ஒயர் கரண்டைத் தின்கிறது. பாதி தூரத்தில் குத்திப் பார்த்தார், நன்றாக எரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினார், மங்கியது. பேட்டரிக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், மேல் உறைக்குள் டேப் மெத்தென்று இருந்தது. எலி கடித்ததை யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். டேப்பை உரித்தார்.

உள்ளே நூல்.

நெருக்கமாகச் சுற்றிய மெரூன் தையல் நூல், ஈரத்தில் ஊறி, இடுக்கில் பச்சை பூத்து. முனையில் இரட்டை முடிச்சு. கத்தரியில் வெட்டினால் முனை நேராக இருக்கும், இது பல்லில் அறுத்துப் பிசிறிக் கிடந்தது.

லோகநாதன் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணே என்ன ஆச்சு என்று நாகேந்திரன் ஓடிவந்தான். வண்டி எந்த வருஷம் என்று அவர் கேட்டார். பதினெட்டு மாடல்ணே என்றான். பதினைந்தில் அவர் கொள்ளி வைத்த தம்பியுடைய பல், பதினெட்டில் பிறந்த வண்டியில் எப்படி வந்தது? பட்டப்பகல், எதிரே யாரோ பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள், இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த ஜாயிண்டை வெட்டிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். புது ஒயர் வைத்து, சோல்டர் பண்ணி, ஸ்லீவ் போட்டார். சாவியைத் திருகச் சொன்னார். லைட் எரிந்து அணைந்தது, வண்டி ஒரே இழுப்பில் பிடித்தது. நாகேந்திரன் சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டான். இதை யாரிடம் வாங்கினாய் என்று மட்டும் கேட்டு, அமல்ராஜ் என்கிற அந்தப் பழைய ஓனரின் நம்பரை வாங்கிக்கொண்டார். அமல்ராஜ் போனில் தாராளமாகவே பேசினார். எலி கடித்தது உண்மைதான், வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு ஷெட்டில் தினேஷ் என்று ஒருத்தன் ஒட்டிக் கொடுத்தான், நல்ல வேலைக்காரன், வாயில் நூலைக் கடித்துக்கொண்டே வேலை செய்வான் என்றார்.

வேப்பம்பட்டுக்கு எப்படிப் போனார் என்று கேட்டால் லோகநாதனுக்குச் சொல்லத் தெரியாது. தகர ஷெட். ஒரு வேனின் பானட்டுக்குள் குனிந்திருந்த முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கூடப்பிறந்தவனின் முதுகு தெரியாதா? நாலு அறை விடுவது, சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் அம்மாவின் காலில் தள்ளுவது, இதுதான் வழியெல்லாம் போட்டுவைத்த கணக்கு. பாபு நிமிர்ந்தான். பல்லில் நூல் இருந்தது. முன்தலை நரைத்திருந்தது. அண்ணனின் வாயில் வந்ததோ வேறு.

"நூல் தண்ணி குடிச்சிருக்குது, பாரு."

பாபு அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தான். அம்மா இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றார். உள்ளேயிருந்து சின்னப் பெண் ஒன்று நைனா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. வந்த ஆளைப் பார்த்துச் சிரித்தது. அப்படியே மங்களத்தின் சாயல்.

தண்ணீர் அடித்துக்கொண்டுபோய் அக்கரையில் ஒதுக்கியது, ஒரு லாரி ஷெட்டில் காய்ச்சலோடு கிடந்தேன் என்றான் பாபு. அதற்கப்புறம் சொன்னதுதான் லோகநாதனின் நெஞ்சில் நின்றுவிட்டது.

"ஊட்டுக்கு வரணும்னுதாண்ணா நடந்துகினு இருந்தேன். பாதி வழில, போகாங்காட்டி இன்னா ஆவும்னு தோணிச்சு. அவ்ளோதான். யார் மேலயும் கோவம் இல்ல."

ஒரு காரணமாவது வேண்டாமா? ஒரு சண்டை, ஒரு வஞ்சம், எதுவுமே கிடையாதாம். வெள்ளிக்கிழமை சித்ராவுக்குக் கல்யாணம் என்றார் லோகநாதன். பாபு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"நீ என்னைப் பாக்கலன்னு வச்சுக்கோண்ணா."

ஓங்கிய கை, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் இறங்கிவிட்டது. தம்பியின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

வீட்டில் பாபுவின் படத்துக்கு அன்றைக்கும் மாலை போட்டிருந்தார்கள். சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மங்களம் அதன் கீழே உட்கார்ந்து சித்ராவின் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். லோகநாதனால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. சொன்னால், பாடுபட்டுச் சம்மதிக்க வைத்த கல்யாணம் நின்றுபோகும், உயிரோடு இருக்கிற புருஷனுக்காக அவள் மறுபடியும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். சொல்லாமல் விட்டால், தெரிந்தே அவள் கண்ணைக் கட்டி மணையில் உட்கார வைத்ததாக ஆகும். அந்த வாரம் முழுக்கச் சித்ராவைக் கூப்பிடுவார், ஒன்றும் இல்லை போம்மா என்பார். இரண்டு நாள் ராத்திரி படத்துக்குள்ளிருந்து அவன் நூலைக் கடிக்கிற சத்தம் கேட்டதாக வசந்தாவிடம் சொன்னார். கல்யாண டென்ஷன் என்று அவள் மோர் கரைத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை வாஷிங் மெஷின் போட்டது சித்ரா. லோகநாதனின் சட்டையில் ஃபியூஸும் ஸ்குரூவும் கிடக்கும் என்பதால், போடும் முன் பாக்கெட்டைத் துழாவுவது அவள் வழக்கம். பின்பக்கம் பம்ப் செட்டாண்டை நின்றிருந்தவரிடம் வந்து உள்ளங்கையை விரித்தாள். மெரூன் நூல், இரட்டை முடிச்சு. நாளெல்லாம் நூலோடு கிடக்கிறவள் அவள். பல்லில் அறுத்த முனை எது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எந்த வருசத்து வண்டி மாமா?"

பதினெட்டு என்றார். பொய் சொல்லலாம் என்ற யோசனையே அப்போது வரவில்லை.

அவள் அழவில்லை. நல்லாக் கீறாரா என்று கேட்டாள். இருக்கிறான், ஒரு பொண்ணு இருக்குது என்றார். சித்ரா அந்த முடிச்சை நகத்தால் நெருடினாள். அப்புறம் கேட்டாள்.

"மழை வந்தா எனக்கு அவரு தண்ணில மூச்சு முட்டிக் கத்துறது கேக்கும் மாமா. காதப் பொத்திகினு உக்காந்திருப்பேன். இத்தினி வருசமா கேட்டுகினு கீறேன். அவரு கத்தவே இல்லியா?"

"இல்லம்மா," என்றார் லோகநாதன். அவர்தான் அழுதார்.

துண்டை அவர் கையில் திருப்பி வைத்தாள். அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்றாள். உள்ளே போய் மெஷினைப் போட்டாள்.

மறுநாள் திருவேற்காட்டில் தாலி கட்டு நடந்தது. ஊற்றிய ஊற்றலில் பந்தல் ஒழுகியது. சித்ரா காதைப் பொத்தவில்லை. உலகநாதன் பிடித்த குடைக்குள் நிமிர்ந்து நடந்து போனாள்.

லோகநாதன் இன்னமும் மழை பிடித்தால் டெஸ்ட் லாம்பைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்க்கிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் பாவம் என்கிறார்கள், இன்னும் தம்பி வருவான் என்று காத்திருக்கிறாராம். அவர் மறுத்துப் பேசுவதில்லை. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் வந்து நின்றுவிடக் கூடாதே என்றுதான் அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.