லோயர் வரும்வரைக்கும்

போன கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே ஒரு போன் திருத்தும் கடையில் காத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என் போனின் உடைந்த கண்ணாடியைக் கழற்றியபடியே தன்னுடைய போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டிருந்தார். அமெரிக்கப் பொலிஸ்காரன் ஒருவன் யாரையோ வீதியில் குப்புறக் கிடத்தி, மூச்சு வாங்க வாங்க அந்த வழக்கமான பாடத்தை ஒப்புவிக்கிறான். நீ பேசாமல் இருக்கலாம். நீ பேசுவது உனக்கு எதிராகவே வரலாம். நீ வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதியில்லாவிட்டால் அரசாங்கம் ஒருவரைத் தரும். நான் திரையைப் பார்க்கவில்லை. ஆனால் என் வலது கால் தானாகவே தரையை ஒரு மிதி மிதித்தது.

சிரிக்காதீர்கள். தையல் மெஷின்காரிகளைப் போல எனக்கும் ஒரு காலத்தில் கால்தான் தொழில் செய்தது. பம்பலப்பிட்டியில், காலி வீதியில், ஒரு சாறிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபீஸ் இருந்தது. அமெரிக்காவின் பொலிஸ் விசாரணைகளும் நீதிமன்ற அமர்வுகளும் ஒலிப்பதிவாக அங்கே வந்து சேரும். நாங்கள் ஏழு பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்பதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வோம். மேசைக்குக் கீழே ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிக்காலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். சாகிற மனிதர்களை என் குதிக்காலால் எத்தனை தடவை பின்னால் இழுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஹெட்போனின் பஞ்சில் எப்போதும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை இருக்கும். எங்கேயாவது அந்த வாசனை வந்தால் எனக்கு ஓர் அலுமாரி ஞாபகம் வரும். நான் பார்த்த அலுமாரி அல்ல, கேட்டது. ஒரு பெண் அதற்குள் ஒளிந்துகொண்டு பொலிஸின் அவசர இலக்கத்துக்குப் பேசுகிறாள். வெளியே அவளுடைய புருஷன் ஒவ்வொரு கதவாக உடைத்துக்கொண்டு வருகிறான். அவள் வீட்டு இலக்கத்தை இரண்டாம் தரம் சொல்லும்போது அலுமாரி திறக்கிறது. அதற்குப் பிறகு வருவதை நாங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும். அலறல். வெடிச்சத்தம். எத்தனை வெடி என்று சரியாக எண்ணுவதற்காக மூன்று தரம் பின்னால் போனேன். நான்கு. பிறகு பகல் சாப்பாட்டு நேரம் வந்தது. பருப்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆரம்பத்தில் நானும் அழுதவள்தான். எங்களுக்கு மேலே இருந்த மிஸ், "அழுறதெண்டா வெளியில போய் அழுங்கோ, கீபோர்ட் நனைஞ்சா நான்தான் பதில் சொல்லோணும்" என்றார். ஒரு மாதத்தில் அழுகை நின்றது. அதற்குப் பதிலாக எனக்குச் சட்டம் வந்து சேர்ந்தது.

நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இல்லாமல் எப்போது ஒரு வீட்டுக்குள் நுழையலாம், கைது செய்ய எவ்வளவு சந்தேகம் போதும், முதல் நாள் நீதிமன்றத்தில் என்ன கேட்பார்கள், பிணை எப்படித் தீர்மானிக்கப்படும் எல்லாம் தெரிந்தது. குற்றம் சாட்டலாமா என்று தீர்மானிக்கவே சில இடங்களில் ஊர்ச்சனத்தைக் கூட்டி இருத்துவார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், பெரும்பாலான வழக்குகள் விசாரணையையே காணாமல், புறக்கோட்டை நடைபாதையில் செருப்புக்குப் பேசுவதுபோல் பேரத்தில் முடிவது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக நான் கற்றுக்கொண்டது ஒன்று. வாய் திறந்தவன் கெட்டான். விசாரிப்பவன் கோப்பி கொடுப்பான், தாயைப் பற்றிக் கேட்பான், நாலு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் கறந்துவிடுவான். வக்கீல் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாயை மூடியவனின் பதிவு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு அவர்களைத்தான் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். அம்மா கைநாட்டு. அப்பா மூட்டை தூக்கி, நெஞ்சு வெடித்துப் போனவர். ஆகவே ஒபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறுவேன். அதைக் கழற்றிப் பையில் வைக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வீட்டில் அம்மா வெங்காயம் உரிக்கும்போது நான் அமெரிக்கச் சட்டம் விளக்குவேன். அம்மாவின் கண்ணீர் வெங்காயத்தால்தான், ஆனால் நான் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வேன்.

என் தம்பிக்கு அப்போது இருபது வயது. மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை வழியாக வெள்ளவத்தைக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கொண்டக்டர். வாய் மூடி அவனை நான் பார்த்ததில்லை. மிச்சக்காசு கேட்கிற கிழவிக்கும் பகிடி, இடித்துக்கொண்டு நிற்கிற கனவானுக்கும் பகிடி. "எங்கட அக்காவுக்கு அமெரிக்கா சட்டம் முழுக்கப் பாடம். யாராச்சும் என்னைத் தொட்டுப் பாருங்க" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வானாம்.

ஒரு பகல் பொழுது, தரிப்பிடத்தில் அவனுடைய பஸ்ஸுக்கும் பின்னால் வந்த பஸ்ஸுக்கும் போட்டி. நேரம் குறிக்கிற டைம்கீப்பர், இவர்கள் பிந்தி வந்ததாகக் குறித்துவிட்டார்.  ட்ரைவர் இருக்கைக்கு அடியிலிருந்து சில்லுக் கழற்றும் இரும்பு லீவரை எடுத்துக்கொண்டு இறங்கி, டைம்கீப்பரின் தலையில் இரண்டு தரம் அடித்தார். லீவரை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிட்டார். சனமும் விலகி நின்றது. தம்பி மட்டும் தன் சேர்ட்டைக் கழற்றி, வழிகிற இரத்தத்தை அதனால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தான். பொலிஸ் ஜீப் வந்தபோது உடம்பெல்லாம் இரத்தமாக இருந்தவன் அவன்தான். லீவரும் அவன் காலடியில் கிடந்தது.

அவன் எனக்குப் போன் செய்தான். "அக்கா, ஜீப்புல ஏறச் சொல்றாங்க. நான் அடிக்கல்ல. நடந்ததைச் சொல்லட்டா?"

ஆறு பெண்களும் மிஸ்ஸும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "ஒண்டும் கதைக்காத. லோயர் வரும்வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. விளங்குதா?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்த நேரத்தில் எனக்குப் பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. இவ்வளவு நாள் படித்தது இன்றைக்கு வேலைக்கு உதவுகிறது என்ற சந்தோஷம். அவன் "சரி அக்கா" என்றான்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, முன்மேசைக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. அதற்குப் பின்னால்தான் தம்பி. அவனைப் பார்க்க முடியவில்லை, கேட்க முடிந்தது. உள்ளங்கை அடிக்கு ஒரு சத்தம். புறங்கைக்கு வேறு. தண்ணீர்க் குழாயால் அடிப்பதற்கு இன்னொன்று, அதற்கு முன்னால் காற்றில் ஒரு சீறல் வரும். இதையெல்லாம் பிரித்துக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். கேட்காதது அவனுடைய குரல் ஒன்றுதான்.

மேசையில் இருந்த அதிகாரியிடம் நான் சிங்களத்தில் பேசினேன். கைது செய்ய என்ன ஆதாரம், வக்கீல் இல்லாமல் எப்படி விசாரிக்கலாம் என்றெல்லாம் கேட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "நங்கி, இது அமெரிக்கா இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். பிறகு அவர் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது. இவன் பெயரைக்கூடச் சொல்கிறான் இல்லையாம். நடந்தது என்ன என்று சொன்னால் சாட்சியாக எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பலாமாம். நான் உள்ளே போய் அவனைக் கதைக்கச் சொல்லவேண்டுமாம்.

எத்தனை பதிவுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். தாயை, காதலியை உள்ளே அனுப்பி வாய் திறக்க வைப்பார்கள். திறந்தவன் இருபது வருடம் உள்ளே. நான் மாட்டேன் என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "போய்ச் சொல்லு மகள். அவன் நீ சொன்னாத்தான் கேப்பான்."

"சும்மா இருங்கம்மா. இது இவங்கட ட்ரிக்."

அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுப் பேனையை எடுத்தார். தடுப்புக்குப் பின்னால் மறுபடி தொடங்கியது. பழக்கத்தால் எண்ணினேன். ஒன்பது. ஐந்தாவதோ ஆறாவதோ உள்ளங்கையைக் குவித்துக் காதில் அறைந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடித்ததுபோல ஒரு சத்தம். அம்மா சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிஸ் தெரிந்தவர் மூலம் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துத் தந்திருந்தார். அவருக்கு அன்றைக்குப் பக்கத்துக் கட்டடத்திலும் வழக்கு. இதோ வருகிறேன் என்று போனவர் வருவதற்குள் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூண்டில் யாரோ கொடுத்த பெரிய சேர்ட்டோடு நின்றான். இடது காதிலிருந்து கழுத்துவரைக்கும் ஒரு கறுத்த கோடு காய்ந்திருந்தது. நீதவான் அதைக் கண்டார். அது எப்படி வந்தது, பொலிஸில் யாராவது அடித்தார்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழில் கேட்டார். பதில் வராததால், பயப்படாமல் சொல்லலாம் என்று இரண்டாம் தரமும் கேட்டார்.

தம்பி வாசலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் எழுந்தேன். இருக்கச் சொல்லி ஒருவர் கை காட்டினார். நான் இருந்துவிட்டேன். அந்த இடத்தில் நான் கத்தியிருக்கலாம். சொல்லு என்று ஒரு சொல். அதிகம் போனால் என்னை வெளியே பிடித்துத் தள்ளியிருப்பார்கள். தம்பி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். காயத்தை வைத்தியருக்குக் காட்டும்படி சொல்லி, பதினான்கு நாள் விளக்கமறியல் சிறையில் வைக்க உத்தரவாயிற்று. சட்டத்தரணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கூண்டில் வேறு யாரோ நின்றார்கள்.

டைம்கீப்பருக்கு நினைவு திரும்பி, அடித்தது ட்ரைவர்தான், இந்தப் பிள்ளைதான் இரத்தத்தைப் பொத்திப் பிடித்தது என்று சொன்ன பிறகு அவனை விட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில், நீதவான் அவ்வளவு கேட்டும் ஏன் சொல்லவில்லை என்று நான்தான் அவனிடம் கேட்டேன். அவன் வலது காதைத் திருப்பி, இரண்டாம் தரமும் கேட்கவைத்துவிட்டுச் சொன்னான்.

"லோயர் வரும்வரைக்கும்ண்டு நீங்கதானே அக்கா சொன்னீங்க. அவர் வரல்லயே."

பிறகு பொலிஸ் அடித்ததற்கு முறைப்பாடு செய்யப் போனோம். அன்றைக்கு நீதவான் கேட்டபோது சந்தேகநபர் எதுவும் கூறவில்லை என்று வழக்கேட்டில் பதிந்திருக்கிறது, இனிக் கஷ்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். காதுக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரியில் காட்டினோம். செவிப்பறை கிழிந்தது கிழிந்ததுதான். இறங்குகிறவர்கள் கூப்பிடுவது கேட்காதவன் எப்படிக் கொண்டக்டராக இருப்பது? இப்போது புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கம்பி அடுக்குகிறான். பகிடி விடுவதில்லை. எங்கள் ஒபீஸும் போய்விட்டது. அந்தப் பதிவுகளை இப்போது மெஷினே கேட்டு எழுதிவிடுகிறதாம். அலறலை அது எப்படி எழுதும் என்று தெரியவில்லை. சாறிக் கடை இருந்த இடத்தில் சப்பாத்துக் கடை வந்திருக்கிறது. மிஸ் கனடாவுக்குப் போய்விட்டார்.

இவை எதுவும் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. நேற்று மாலை வேலையால் வந்து, மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கீழ்வீட்டில் ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் தம்பி நின்றான். கடையில் கொடுத்த ஏதோ ஆங்கில ஒப்பந்தக் கடிதத்தை அவளிடம் நீட்டி, நல்ல காதை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வரி வாசித்துத் தமிழில் சொல்ல, அவன் தலையாட்ட, அடுத்த வரி. என்னைக் கண்டதும் சிரித்து வழிவிட்டான். அவனிடம் என்மேல் கோபம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. நான் மேலே ஏறி, எங்கள் கதவில் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் நின்றேன்.

"அப்ப இதுல நான் சைன் வைக்கலாமா?" என்று அவளிடம் கேட்டான்.

"வைங்க அண்ணா, பிரச்சினையில்ல."

அவன் பேனை கேட்டான்.